அக்காவிடம் சொல்லாமல் மாறிய வீடு

கும்மிடிப்பூண்டியில் நானும் அக்காவும் ஆறு வருடம் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்தோம். அந்தப் பக்கம் அவள் போர்ஷன், இந்தப் பக்கம் என் போர்ஷன். இரண்டுக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு துணிக்கொடி. ஏதாவது அவசரம் என்றால் போன் செய்ய மாட்டோம். கரண்டியால் சுவரில் இரண்டு தட்டு தட்டினால் போதும், "இன்னாடி?" என்று அவள் குரல் ஜன்னல் வழியாக வந்துவிடும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான்.

போன தை மாதம் மாமாவை, அதாவது அக்காவின் கணவரை, அவருடைய கம்பெனி குஜராத்தில் இருக்கும் இன்னொரு யூனிட்டுக்கு மாற்றிவிட்டது. இரண்டு வருடம் என்றார்கள். அக்காவும் ஏழு வயது மகனும் கூடவே கிளம்பினார்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, கட்ட வேண்டியதைக் கட்டி அனுப்பிய பிறகு மிஞ்சியது அவள் கல்யாணத்துக்கு அப்பா வாங்கித் தந்த இரும்பு பீரோ. அதை என் போர்ஷனில் தள்ளி வைத்தார்கள். கிளம்பும்போது அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஊட்ட மட்டும் உட்டுடாதடி. ரெண்டே வருசம். வந்தா மறுபடியும் இங்கதான். நீ இங்க கீறன்ற தைரியத்துலதான் நான் போறேன்."

அழுதுகொண்டே தலையாட்டினேன். அழும்போது ஆட்டுகிற தலைக்கு யோசனை ஏது?

அவர்கள் போன பிறகு என் மகளுக்கு ஒரு பழக்கம் வந்தது. அவளுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கரண்டியை எடுத்துக்கொண்டுபோய்ச் சுவரைத் தட்டுவாள்.

"அங்க பெரிம்மா இல்ல பாப்பா."

"தெரியும்மா. சும்மா தட்டறேன்."

அந்தப் போர்ஷனுக்கு ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்யும் மூன்று பேர் குடிவந்திருந்தார்கள். ஒரு நாள் பாப்பா தட்டியபோது அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு திரும்பி வந்தது. அவள் கரண்டியைப் போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். ஷிஃப்ட் முடிந்து தூங்குகிற மனிதர்களைத் தொந்தரவு செய்கிறாளே என்று நான் போய் மன்னிப்புக் கேட்டேன். பெரியவராக இருந்தவர் சிரித்துவிட்டு, தனக்கும் ஊரில் இந்த உயரத்தில் ஒரு பெண் இருப்பதாகக் கையால் காட்டினார். அதன் பிறகு நானும் பாப்பாவைத் தடுக்கவில்லை.

பங்குனியில் என் கணவர் வேலை செய்த இடத்தில் ஆர்டர் குறைந்து ஆட்களைக் குறைத்தார்கள். அவர் ஃபிட்டர். வேலை தெரிந்தவர் என்பதால் அதிக நாள் சும்மா இருக்க நேரவில்லை. திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு இடம் கிடைத்தது. ஆனால் தினமும் பைக்கில் போய்வரப் பெட்ரோல் கட்டாது. கும்மிடிப்பூண்டியிலிருந்து அங்கே போக ஒரு பஸ், பெரியபாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ், அதற்கு மேல் ஷேர் ஆட்டோ. விடிவதற்கு முன் கிளம்பிப் போவார். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தவர் ஒரு நாள் தட்டில் கை வைத்தபடியே தூங்கிப் போனார். பாப்பா அவர் தோளைத் தட்டி, "அப்பா, சாப்டுட்டுத் தூங்குப்பா" என்றாள்.

நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள். மிஷினை எங்கே வைத்தாலும் ஓடும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் திருவள்ளூர்ப் பக்கம் வீடு மாறிவிடுவது என்று முடிவெடுத்தோம். முடிவெடுத்த அன்றே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

சித்திரை வெயிலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடு தேடினோம். பாப்பா வண்டியின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். பெட்ரோல் டாங்க் சுடுகிறது என்று கீழே ஒரு துண்டை மடித்துப் போட்டிருந்தோம். டவுனுக்குள் ஒரு வீடு எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சமையலறை மேடையைக் காட்டி, "இங்க மிக்சி வெச்சுக்கலாம், பிளக் பாயிண்ட் கீது" என்றார். நான் மனதுக்குள் மிக்சியை வைத்தே விட்டேன். பிறகு பெயர் கேட்டார். எங்கள் பெயர்களைக் கேட்டாலே நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று தெரிந்துவிடும். அப்புறம் சொந்த ஊர் எது என்று கேட்டார். ஊரில் எந்தப் பக்கம் என்றும் கேட்டார். அந்த 'எந்தப் பக்கம்' எதற்கு என்பது எங்களுக்குத் தெரியாததல்ல.

"எங்கப்பா நெலத்துல கூலி வேலை செஞ்சவருங்க. நான் ஃபிட்டரு" என்று என் கணவர் நேராகவே சொன்னார்.

"சரி தம்பி, ஊட்ல கலந்துக்கினு போன் பண்றேன்."

தெருமுனைக் கடையில் பாப்பாவுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்குவதற்குள் போன் வந்துவிட்டது. "எங்க சொந்தக்காரங்களே அந்த ஊட்ட கேட்டுட்டாங்க தம்பி, தப்பா நெனச்சுக்காத."

என் கணவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அஞ்சு நிமிசத்துல அவருக்கு சொந்தக்காரங்க மொளச்சிட்டாங்க பாரு" என்றார். சிரிக்க முயன்றார். என்னால் முடியவில்லை. எங்கள் சொந்தம் ஒன்றரை நாள் ரயில் தூரத்தில் இருந்தது. அவருடைய ஒரே அண்ணன் குவைத்தில். அந்தத் தெருவில் நின்றபோது எங்களுக்கென்று பேச ஒருவர்கூட இல்லை என்று தோன்றியது.

இன்னொரு வீட்டில் சின்னக் குழந்தை சுவரில் கிறுக்கும் என்றார்கள். வேறொரு வீட்டில் கறி மீன் சமைக்கக் கூடாது என்றார்கள். அதையாவது வாசலிலேயே சொன்னார்கள், உள்ளே கூப்பிட்டு மிக்சி வைக்க இடம் காட்டவில்லை.

இதையெல்லாம் அக்காவிடம் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு வீடியோவில் வருவாள். வீட்டில் சாமான்களைக் கட்டத் தொடங்கியிருந்தேன். காலண்டர் மாட்டிய சுவரை மட்டும் கலைக்காமல் விட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து பேசுவேன். "இன்னாடி, எப்பப் பாத்தாலும் அங்கயே குந்திக்கினு கீற?" என்று ஒரு நாள் கேட்டாள். "இங்கதான் டவர் கெடைக்குது" என்றேன். குஜராத்தில் அவளுக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. மளிகைக் கடையில் மொச்சையைக் கை காட்டி வாங்குகிறாளாம். பையன், "தங்கச்சி எங்க, தங்கச்சி எங்க" என்று போனுக்குள் தலையை நுழைப்பான். அவளுக்கு இருக்கிற கஷ்டத்தில் நான் வேறு, நீ விடாதே என்ற வீட்டை விட்டுவிட்டுப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது?

ஐந்தாவது ஞாயிறு ஒரு மாடி வீட்டைப் பார்க்கப் போனோம். காக்களூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும் இடம். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா கீழே தனியாக இருந்தார். கையில் மண்வெட்டி, நைட்டியைத் தூக்கிச் செருகியிருந்தார். மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ஒரு ஹால், ஒரு அறை, இளம்பச்சைச் சுவர், வேப்ப மரத்தைத் தொடுகிற ஜன்னல்.

"தண்ணி காலைல ஒரு மணி நேரம்தான் மேல ஏறும். புடிச்சு வெச்சுக்குவியா?"

"புடிச்சுக்குறேன்மா."

"படிக்கட்டுல செருப்ப கழட்டிப் போடக் கூடாது. ஒரு தபா வழுக்கி உழுந்துட்டேன்."

"சரிம்மா. தையல் மிஷினு ஒண்ணு கீது, பரவாயில்லியா?"

"தையல் மிஷினு வெச்சுகிறியா? நல்லதாப் போச்சு. எனக்கு ஃபால்ஸ் அடிச்சுக் குடு. எப்ப வரீங்க?"

நான் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. என் கணவருக்குத்தான் பொறுக்கவில்லை. "வேற ஒண்ணும் கேக்கலியாம்மா?" என்றார். நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன்.

"வேற இன்னா கேக்கணும்?" என்று அந்த அம்மா நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா."

வெளியே வந்து கரும்பு ஜூஸ் கடையில் நின்றோம். ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தோம். பாப்பாவும் இரண்டு குடித்தாள். ஒரு மாதமாக நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்ததே, அது அந்தக் குளிர்ச்சியோடு இறங்கிப் போனது போல இருந்தது.

வீடு மாற்றுகிற அன்று காலையிலேயே குட்டியானை வண்டி வந்து நின்றது. பாத்திரங்களைப் புடவையில் மூட்டையாகக் கட்டியிருந்தேன். கட்டிலைக் கழற்றி, அதன் போல்ட்டுகளை ஊறுகாய் டப்பாவில் போட்டு மூடியிருந்தார் என் கணவர். எல்லாம் ஏறிவிட்டது. அக்காவின் பீரோதான் நகரவில்லை. உள்ளே என்னென்னவோ அடைத்து வைத்திருந்தாள். திறந்து எடுத்து வைக்கலாம் என்றால் கைப்பிடி அசையவில்லை. சாவி என்னிடம் இல்லை. "போன் போட்டு சாவி எங்கன்னு கேளேன்" என்றார் அவர். கேட்டால் ஏன் என்று கேட்பாளே! வண்டிக்காரர், "இன்னாம்மா பேஜாரு இது, வெயில் ஏறுறதுக்குள்ள போய்ச் சேர வேணாமா?" என்று கத்தினார்.

பக்கத்துப் போர்ஷன்காரர்கள் மூன்று பேரும் வந்தார்கள். பீரோவைக் கயிறு போட்டுக் கட்டி, சரித்து, ஒரு சத்தம் கொடுத்துத் தூக்கினார்கள். உள்ளே ஏதோ பித்தளை உருண்டு 'டங்' என்று விழுந்தது. எனக்குத் திக்கென்றது. ஏற்றி முடித்ததும் பெரியவர் பாப்பாவின் தலையைத் தடவினார். நாங்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு உடனே வேலைக்குக் கிளம்பிப் போனார்கள்.

கவரைப்பேட்டை தாண்டும்போது பாப்பா கேட்டாள். "பெரிம்மா வந்து செவுத்த தட்டுனா நாம இருக்க மாட்டோமே?"

"வந்தா நாமளே டேசனுக்குப் போயி கூட்டிக்கினு வந்துடலாம்" என்றார் அவள் அப்பா. பெரியபாளையத்தில் வண்டியை நிறுத்தி நுங்கு வாங்கினோம். அதைத் தின்ற பிறகு அவள் என் மடியில் தூங்கிவிட்டாள். நான்தான் அந்தக் கேள்வியோடு திருவள்ளூர் வரை வந்தேன்.

புது வீட்டில் மூன்றாவது நாள் சாயங்காலம் அக்காவின் வீடியோ அழைப்பு வந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்தது பாப்பா.

"பெரிம்மா, எங்க புது ஊட்டப் பாரு! பச்சை கலரு! ஜன்னல்ல மரம் கீது! உன் பீரோ கூட கீது பாரு!"

நான் ஈரத் தலையோடு ஓடி வந்தேன். திரையில் அக்காவின் முகம் ஒரு கணம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. ஏதோ சொல்ல வந்தாள். திரை கறுத்தது.

திரும்ப அழைத்தேன். சுவிட்ச் ஆஃப். மறுபடியும் மறுபடியும் அழைத்தேன். சுவிட்ச் ஆஃப்.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கார அம்மாவின் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கும்போது தலைகீழாக வைத்து அடித்துவிட்டுப் பிரித்தேன். அக்கா என்னிடம் கோபித்துக்கொண்டதுண்டு. அரை மணி நேரம்கூடத் தாங்காது, சுவரைத் தட்டிவிடுவாள். இப்படிப் போனையே அணைத்து வைத்ததில்லை. மாமாவுக்குப் போன் செய்யலாம்தான். எடுத்து, "ஏம்மா இப்படிப் பண்ண?" என்று அவர் கேட்டுவிட்டால்? அவர் எண்ணைத் திறப்பேன், மூடுவேன். அக்காவுக்கு எழுதி அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன.

நாலாவது நாள் மத்தியானம் என் கணவர் சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனியிலிருந்தே மாமாவுக்குப் போன் போட்டுவிட்டார். பிறகு எனக்குப் போன் செய்தார். எடுத்ததும் அவர் சிரிக்கிற சத்தம்தான் கேட்டது.

"அடியே, உங்கக்கா போனு தண்ணி டிரம்முல உழுந்துட்ச்சாம்!"

"இன்னாது?"

"மாமா கம்பெனி வேலையா வெளியூரு போயி இன்னிக்கிதான் வந்தாராம். சாயந்தரம் அவர் போன்லர்ந்து பேசுவாங்களாம். நீ மொதல்ல சாப்புடு."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பாப்பா வந்து என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அக்கா பேசினாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே கொட்டித் தீர்த்தாள்.

"பாப்பா புது ஊடு, புது ஊடுன்னாளா, இவன் நான் பாக்குறேன், நான் பாக்குறேன்னு புடுங்கினான். நான் துணி அலசிக்கினு கீறேன். கையெல்லாம் சோப்பு. நழுவி நேரா டிரம்முக்குள்ள. உன் நம்பரு இன்னா எனக்கு மனப்பாடமா? மூணு நாளா பைத்தியம் புடிச்சா மாதிரி கீறேன்டி. எந்த ஊடு? எங்க? எதுக்கு மாறுன? ஒடம்பு கிடம்பு சரியில்லையா யாருக்காவது?"

"கோவம் இல்லியாக்கா?"

"எதுக்குடி கோவம்?"

"ஊட்ட உடாதன்னு சொல்லிட்டுப் போனியே."

"அன்னிக்கி அழுதுகினே இன்னா இன்னாவோ சொல்லிகிறேன். அதயெல்லாம் புடிச்சுக்கினு நீ நாலு மாசமா..." என்று நிறுத்தினாள். "டவரு கெடைக்கலன்னு செவுத்தாண்ட குந்திக்கினு இருந்தியே, அதுக்கா?"

"ஆமாக்கா."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு விடாமல் சிரித்தாள். நான் அவமானத்தில் பேச்சை மாற்ற, பீரோவைத் திறக்க முடியாமல் அப்படியே தூக்கி வந்ததையும், உள்ளே ஏதோ உருண்டதையும், சாவி இல்லாமல் பட்ட பாட்டையும் சொன்னேன்.

"சாவியா? அத்த நான் பூட்டவே இல்லடி. கைப்பிடிய மேல தூக்கினாப்புல திருப்பணும்."

போனை வைக்காமலே போய்த் திருப்பினேன். திறந்துகொண்டது. உருண்டது ஒரு பித்தளைக் குடம். ஒரு ஓரம் லேசாக நசுங்கியிருந்தது. "போவுது உடு" என்றாள்.

மே மாதக் கடைசியில் மாமாவுக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது. சென்ட்ரலில் இறங்கி லோக்கல் பிடித்து வந்தார்கள். திருவள்ளூர் ஸ்டேஷனில் நாங்கள் மூன்று பேரும் முன்னாலேயே போய் நின்றுவிட்டோம். பையன் அரை அடி வளர்ந்தவன் போலத் தெரிந்தான். பாப்பா அவனைப் பார்த்ததும் வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்தாள். ஆட்டோவில் ஏறுவதற்குள் அவன் பையைப் பிடுங்கி அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழியில் அக்கா சொன்னாள், "கும்மிடிப்பூண்டில வண்டி நிக்கல. நம்ம ஊடு கண்ணுல பட்டுச்சு. கொடியில லுங்கியா காயுது. அழுவை வரும்னு நெனச்சு கர்ச்சீப்ப கையில வெச்சுகினு குந்தியிருந்தேன். ஒண்ணும் வரல. பசிதான் வந்துச்சு."

மறுநாள் மாங்காய் நறுக்கிக்கொண்டே வீடு தேடிய கதை முழுவதையும் அவளிடம் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் முளைத்த சொந்தக்காரர்களையும் சொன்னேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, குஜராத்திலும் கறி சாப்பிடுவீர்களா என்று கேட்டு மூன்று வீட்டில் கதவைச் சாத்தினார்கள் என்றாள். "நான் ஒங்கிட்ட சொல்லல. நீ கவலப்படுவன்னு." இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திட்டுவதற்கு வார்த்தை தேடி, கடைசியில் இரண்டு பேருமே மறுபடியும் மாங்காயை எடுத்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு சர்ச்சுக்குக் கிளம்பினோம். ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு ஞாயிறும் நானும் பாப்பாவும் கடைக்குப் போவது போலத்தான் சர்ச்சுக்குப் போய் வந்திருந்தோம். பைபிளைக் காய்கறிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். கிடைத்த வீடு கையைவிட்டுப் போய்விடக் கூடாதே என்ற பயம். அக்காவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வெள்ளைப் புடவை கட்டி, பைபிளைக் கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளைச் சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே படி இறங்கினாள். "மெதுவாக்கா" என்றேன். "ஏன், திருடிக்கினா போறோம்?" என்றாள்.

கீழே வீட்டுக்கார அம்மா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஆறு பேரையும் ஒரு முறை பார்த்தார். புடவைகளைப் பார்த்தார். அக்காவின் கையில் இருந்ததையும் பார்த்தார்.

"போறப்ப கேட்ட நல்லா சாத்திட்டுப் போங்க" என்றார். "மாடு பூந்து கத்திரிச் செடிய மேஞ்சுட்டுப் போயிடுது."

கேட்டை நான்தான் சாத்தினேன். கொண்டி சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தேன். அக்கா திரும்பி நின்று, "இதுக்காடி காய்கறிப் பை?" என்றாள். நான் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வெயில் அந்நேரத்துக்கே சுள்ளென்று அடித்தது. ஆனாலும் அன்றைக்குத்தான் அந்தத் தெருவில் நான் முதல்முறையாக அவசரமில்லாமல், அக்கம்பக்கத்து வீடுகளை நின்று பார்த்துக்கொண்டே போனேன்.